பாப்பம்மாள் வீட்டு மோல்டு

மைசூரில் மேட்டகள்ளியைத் தாண்டி, தொழிற்பேட்டைக்குப் போகும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மாதப்பன் தெரு. அந்தத் தெருவில் கான்கிரீட் கூரை போட்ட பழைய வீடு எதைக் காட்டினாலும், "அது என் கை பட்ட வீடு" என்பாள் பாப்பம்மாள். அதைச் சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நிமிரும். பெருமைக்காகச் சொல்வதுதான், ஆனால் பொய்யில்லை. இருந்தாலும் தெருவில் அவளுக்கு வழங்கிய பெயர் ஷீட் வீட்டுப் பாப்பக்கா. ஊருக்கெல்லாம் கூரை சுமந்தவளின் தலைக்கு மேலே மட்டும் சிமெண்ட் ஷீட்தான் இருந்தது.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், மேட்டூருக்கு மேற்கே கொளத்தூரிலிருந்து பஸ் ஏறி, பாலாறு செக்போஸ்டில் இறங்கி ஏறி, கொள்ளேகாலில் வண்டி மாறி மைசூருக்கு வந்தவள் அவள். புருஷன் ரத்தினவேல் கம்பி கட்டுகிறவன். அவன் கம்பி கட்ட, அவள் சித்தாளாகக் கலவை சுமந்தாள். மேட்டகள்ளிக்குப் பின்னால் கம்பெனிகளில் வேலை செய்தவர்களும் கட்டட வேலைக்காரர்களும் சேர்ந்து மனை வாங்கியபோது இவர்களும் ஒரு துண்டு வாங்கினார்கள். மேட்டூர்க்காரர்கள், கொள்ளேகால்காரர்கள், நஞ்சன்கூடு பக்கத்துக் கன்னடக் குடும்பங்கள், நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் என்று தெரு கலந்து கட்டியிருந்தது. கொள்ளேகால்காரர்கள் முனையில் ஒரு கல்லை நட்டு மாதப்பன் என்று கும்பிட்டார்கள். தெருவுக்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

கான்கிரீட் கூரை போடுவதை மைசூரில் மோல்டு போடுவது என்பார்கள். மோல்டு காலையில் ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் நிற்கக் கூடாது. நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒட்டு விழும், ஒட்டு விழுந்த இடம் ஆயுசுக்கும் ஒழுகும். அதற்கு நிறையக் கை வேண்டும். கூலிக்கு அத்தனை பேரை வைக்க அந்தத் தெருவில் யாருக்கும் வக்கில்லை. அதனால் ஒரு வீட்டில் மோல்டு என்றால் தெருவே வரிசையாக நின்று, கலவைச் சட்டியைக் கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றியது. அந்த இரும்புச் சட்டிக்கு மைசூரில் பாண்ட்லி என்று பேர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாண்ட்லி உண்டு, விளிம்பில் ஒரு பெயிண்ட் அடையாளத்தோடு. பாப்பம்மாளுடையது நீலப் பட்டை.

இதற்கு ஒரு கட்டு இருந்தது. மோல்டு போடுகிறவர் யாரையும் வாய்விட்டுக் கூப்பிடக் கூடாது. வருகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலத்துக்குள் தங்கள் பாண்ட்லியைக் கொண்டுவந்து அந்த வீட்டு மதிலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். வைத்தவர் வந்தாக வேண்டும். காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து வேறொருவரை அனுப்ப வேண்டும். மறுநாள் வேலை முடிந்ததும் பாண்ட்லியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் தடவி, தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைத்து அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுப்பார்கள். கிறிஸ்தவ வீட்டுப் பாண்ட்லிக்குக் குங்குமம் கிடையாது, வாழைப்பழம் கூடுதல்.

பாப்பம்மாளின் முறை பலமுறை வந்து பலமுறை தள்ளிப்போனது. ஒரு தடவை ரத்தினவேல் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிசகிப் படுத்தான். ஒரு தடவை மகள் தாரணியின் படிப்பு. ஒரு தடவை சித்தம்மா வீட்டில் கைக்குழந்தையோடு மழையில் ஒழுகுகிறது என்று, "உன்னுது முதல்ல ஆகட்டும்டி" என்று அவளே விட்டுக்கொடுத்தாள். அடுத்த வீட்டுச் சித்தம்மா நஞ்சன்கூட்டுக்காரி. தமிழைப் பாப்பம்மாளிடமும் சண்டையைப் பிறவியிலும் கற்றவள்.

இப்போது தாரணி ஒரு ஆஸ்பத்திரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஷீட்டைப் பிரித்து, சுவரை உயர்த்தி, சென்ட்ரிங் பலகை அடித்து, ரத்தினவேல் உட்கார்ந்துகொண்டே கம்பி கட்டி, எல்லாம் தயாராகிவிட்டது. குடும்பம் சித்தம்மா வீட்டுப் பின்னறையில் குடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மோல்டு.

முறை வந்துவிட்டது. தெருதான் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ரிங் ரோடு வந்த பிறகு மனை விலை ஏறி, பாதிப் பேர் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் மூன்று மாடி வீடுகள், உயரமான இரும்பு கேட்டுகள், கேட்டுக்கு மேலே கேமரா. வாசலில் நிற்கும் கார்களுக்கு நடுவே ஸ்கூட்டர் நெளிந்து போனது. கடைசியாக இந்தத் தெருவில் பாண்ட்லி கைமாறியது எப்போது என்று கேட்டால் சித்தம்மாவுக்கும் தெரியாது, பாப்பம்மாளுக்கும் தெரியாது. எதிர்வீட்டில் குடிவந்த முரளிதரன் பாங்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்தில் அவரும் பாப்பம்மாளும் பேசியது தண்ணீர் வந்ததா, கரண்ட் போச்சா என்ற அளவுதான். அதுவும் கன்னடத்தில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி செந்தில்நாதன் வந்தான். இதே தெருவில் வளர்ந்து, இப்போது பெரிய காண்ட்ராக்டராகி வேறிடத்தில் இருக்கிறான்.

"அக்கா, ரெடிமிக்ஸ் லாரி வளைவுலயே நின்னுக்கும். லிஃப்ட் மிக்ஸரும் ஆகாது, மேல கரண்ட் ஒயர் போகுது. பழைய மிக்ஸரைத்தான் கொண்டாறேன். ஆனா இந்தக் காருங்க நிக்கிற நிப்புல அதுவும் தெருமுனையிலதான் நிக்கும். அங்கிருந்து உங்க வாசல் வரைக்கும் சட்டி கைமாத்தணும்."

"மாத்திக்கலாம்."

"யாரு மாத்துவா? மிக்ஸரு என்னுது, மேஸ்திரி என்னுது, ஒரு நாள் நான் சும்மாவே தர்றேன். எங்க அப்பன் வீட்டு மோல்டுக்கு நீங்க வயித்துல தாரணியை வெச்சுக்கிட்டுச் சட்டி தூக்குனீங்களாம், அம்மா இன்னும் சொல்லும். கையி உங்க பொறுப்புக்கா. இல்லாட்டி சொல்லுங்க, வெளியாளு கேங்கு ஒண்ணு இருக்கு, அனுப்பறேன்."

"இந்தத் தெருவுல கூலிக்கு ஆளு வெச்சு மோல்டு போட்டதில்ல செந்திலு. கடைசி மோல்டு என்னுது. கூலிப் பழக்கத்தை நான் ஆரம்பிச்சு வைக்க மாட்டேன்."

அவன் ரத்தினவேலைப் பார்த்தான். ரத்தினவேல் கட்டுக்கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "என்னையப் பார்க்காதப்பா. நான் கம்பிக்கு மட்டுந்தான் ஜவாப்தாரி" என்றான்.

செந்தில்நாதன் போனதும் தாரணி போனை எடுத்தாள். "அம்மா, சும்னே இரு. தெரு குரூப்ல ஒரு மெசேஜ் போடறேன். சண்டே எங்க வீட்டு மோல்டு, ப்ளீஸ் வாங்கன்னு. யாராச்சும் வருவாங்க."

"கேட்டு வர்றதுக்குப் பேரு கூலி."

"கேக்காம யாருக்கும்மா தெரியும்? அந்தக் குரூப்ல என்ன இருக்கு தெரியுமா? குட் மார்னிங் ரோஜாப்பூவும், யார் கார் யார் கேட்டை மறைச்சுதுன்னு சண்டையும்."

"அப்ப அதுல போய் நம்ம மோல்டையும் எதுக்குப் போடறே? வை போனை."

பாப்பம்மாள் வெளியே வந்து மதிலைப் பார்த்தாள். சித்தம்மாவின் பாண்ட்லி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. நாளைக்கு மற்றவை வரும் என்று வாயால் சொல்லலாம். ஆனால் அவள் மனதுக்குள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மிஞ்சியிருக்கும் பழைய குடும்பங்களை ஒரு கைவிரலில் மடக்கிவிடலாம். அதிலும் இரண்டு வீட்டில் வயசானவர்கள் மட்டும்.

சித்தம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன, எம் பாண்ட்லியையே மொறைச்சிட்டிருக்கே? குட்டி போடுமா அது?"

"போட்டா நல்லாத்தான் இருக்கும்."

"புதுசா வந்தவங்க வரமாட்டாங்க பாப்பக்கா. அவங்களுக்கு நம்ம கட்டு கொத்தில்லா, தெரியாது. வீட்டுல பாண்ட்லியே இல்லையே, எதைக் கொண்டுவந்து கவிழ்ப்பாங்க? நான்ஸ்டிக் தவாவையா?"

பாப்பம்மாள் சிரிக்கவில்லை. "நமக்கு யாரு குடுத்தா பாண்ட்லி?" என்று கேட்டாள்.

"எனக்கு நீதான் குடுத்தே."

"எனக்கு மரியாக்கா குடுத்துச்சு. நான் பெட்டியைக் கூட இறக்கல. ஒரு கையில டீ, ஒரு கையில பாண்ட்லி. 'இந்தா புள்ள, இது உன்னுது. இது இல்லாம இந்தத் தெருவுல இருக்க முடியாது'ன்னு நீட்டுச்சு. புதுசா யாரு வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரங்க பாண்ட்லி குடுப்பாங்க. அதுதானே வழக்கம்?" அவள் எதிரே இருந்த உயரமான கேட்டைப் பார்த்தாள். "அந்த வீட்டுக்கு யாரு குடுத்தா? ரெண்டு வீடு தள்ளி அந்த கிரானைட் பதிச்ச வீட்டுக்கு?"

சித்தம்மா அந்த கேட்டையும் தன் பாண்ட்லியையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"வரலை வரலைன்னு அவங்களைத் திட்டறோம். வாசல்ல போய் நின்னு 'இது உன்னுது'ன்னு நாம ஒருத்தரும் சொல்லல." பாப்பம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எந்திரி. உங்க அட்டத்துல எத்தனை கிடக்குது பார்க்கலாம்."

அன்று படுக்கப் போவதற்குள் இரண்டு பேரும் அட்டத்துப் பரண்களையும் தண்ணீர்த் தொட்டி மூலைகளையும் கிளறிவிட்டார்கள். போனவர்கள் விட்டுவிட்டுப் போன பாண்ட்லிகள், கோழிக்குத் தண்ணீர் வைத்தவை, துருப்பிடித்தவை. செந்தில்நாதனின் கோடவுனிலிருந்து கொஞ்சம் வந்தது. எல்லாவற்றையும் செங்கல் தூள் போட்டுத் தேய்த்தார்கள். ரத்தினவேல் மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாக்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறப் பட்டை அடித்தான்.

"எதிர்வீட்டு சாருக்கு என்ன கலர்?" என்று கேட்டான்.

"பாங்குல இருந்தவரு. பச்சை அடிங்க."

சனிக்கிழமை வாசல் தெளிக்கிற நேரத்துக்கு, சித்தம்மாவும் பாப்பம்மாளும் ஒவ்வொரு புது வீட்டு கேட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பாண்ட்லி வைத்தார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, உள்ளே ஒரு வெற்றிலை. அந்த வேளையில் மணி அடித்து எழுப்பினால் நன்றாக இருக்காது என்று பேசாமல் வைத்துவிட்டு வந்தார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று.

பாப்பம்மாள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது தாரணி உள்ளேயிருந்து, "அம்மா!" என்று அலறினாள். "என்னம்மா பண்ணுனீங்க ரெண்டு பேரும்?"

தெரு குரூப் கொதித்துக்கொண்டிருந்தது. தாரணி படிக்கப் படிக்கப் பாப்பம்மாளின் முகம் சுண்டியது. என் வாசலில் யாரோ மாந்திரீகம் வைத்திருக்கிறார்கள், மஞ்சள் குங்குமம் பூசிய இரும்புச் சட்டி, குழந்தைகளை வெளியே விடாதீர்கள் என்று ஒருவர். எங்கள் வாசலிலும் இருக்கிறது என்று இன்னொருவர். தொடாதீர்கள், எலுமிச்சம்பழம் இருக்கிறதா பாருங்கள் என்று மூன்றாமவர். கடைசியில் கிரானைட் வீட்டுக்காரர்கள் கேமராவில் பதிந்த படத்தையே போட்டுவிட்டார்கள். இருட்டு பிரியாத வெளிச்சத்தில் தலையில் முக்காடு போட்ட இரண்டு பெண்கள், கையில் சட்டியோடு குனிந்து குனிந்து போகிறார்கள்.

சித்தம்மா போனை வாங்கி உற்றுப் பார்த்தாள். "அய்யோ சிவனே. நெஜமாவே சூன்யக்காரி மாதிரித்தான் இருக்கே நீ."

"நீயுந்தான்டி முக்காடு போட்டிருக்கே."

"குளிருச்சு, போட்டேன்!"

பாப்பம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு மோல்டு. மதிலில் ஒரு பாண்ட்லி. தெருவில் சூன்யக்காரி என்று பேர். "செந்திலுகிட்ட அந்த வெளியாளு கேங்குக்குச் சொல்லச் சொல்லு" என்று தாரணியிடம் சொல்லிவிட்டு அவள் எழுந்து வெளியே போனாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

வாசலில் முரளிதரன் நின்றுகொண்டிருந்தார். பச்சைப் பட்டை பாண்ட்லியைச் செய்தித்தாளில் சுற்றி, கையை நீட்டி, குழந்தை நனைத்த துணியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

"இது நிம்தா?" என்று கன்னடத்தில் கேட்டார். உங்களுடையதா என்று.

பாப்பம்மாள் பதில் சொல்வதற்குள் அவர் அதை மதிலில் சித்தம்மாவின் பாண்ட்லிக்குப் பக்கத்தில் வைத்தார். வெற்றிலை விழவே, மழைத் தண்ணீர் தேங்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, கவிழ்த்து வைத்தார்.

பாப்பம்மாள் அதையே பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, தெருவே கேட்கும்படி, "ஏ சித்தம்மா! இங்க வாடி! பாங்குக்காரரு பாண்ட்லி கவுத்துட்டாருடி!" என்று கத்தினாள்.

முரளிதரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நீங்க தமிழா?"

"நீங்க தமிழுங்களா?"

"மூணு வருஷமா எங்கூடக் கன்னடத்துல பேசிண்டிருந்தேளே!"

"நீங்க பேசுனீங்க, நானும் பேசுனேன். உங்க கன்னடம் புரியறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துபோச்சுங்க."

அவர் சிரித்துவிட்டார். அதற்குள் சித்தம்மா ஓடிவந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "சார், பாண்ட்லி கவிழ்த்தவங்க நாளைக்கு மோல்டுக்கு வரணும். அதான் இந்தத் தெருக் கட்டு. மாதப்பன் மேல சத்தியம்."

"என்ன மோல்டு? நான் திருப்பிக் குடுக்கத்தானே வந்தேன்?"

பாப்பம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். மரியாக்கா கையில் டீயோடு நின்றது, வரிசையில் கைமாறியது, தன் முறை தள்ளித் தள்ளிப் போனது. கெஞ்சாமல், சாட்சி சொல்வதுபோலச் சொன்னாள். கடைசியில், "நான் உங்களைக் கூப்பிடலைங்க. இது உங்க பாண்ட்லி. மூணு வருஷம் முன்னாடியே குடுத்திருக்கணும். லேட்டாயிருச்சு" என்றாள்.

அவர் மதிலைப் பார்த்தார். "அப்ப இதைத் திரும்ப எடுத்துண்டு போயிட்டா?"

"போகலாம். இதுவரைக்கும் யாரும் எடுத்துட்டுப் போனதில்ல."

முரளிதரன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பாண்ட்லியை எடுக்கவில்லை. "எனக்கு மூட்டுவலி. எவ்வளவு தூரம் முடியும்னு தெரியலை" என்றார். பிறகு, "நான் முதல்ல காரை எடுத்துடறேன். மத்தவா கிட்டயும் குரூப்ல சொல்றேன். மாந்திரீகம் இல்லேன்னும் சொல்லணுமே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பகல் முழுக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிலர் மன்னிப்புக் கேட்டுச் சிரித்தபடி கவிழ்த்துவிட்டுப் போனார்கள். சிலர், "சனி ஞாயிறுதான் எங்களுக்கு ரெஸ்ட்டு, ஸாரி" என்று பாண்ட்லியைக் கையோடு கொடுத்தார்கள். அதை வாங்கி பாப்பம்மாள் நிமிர்த்தி ஓரமாக வைத்தாள். கவிழ்ந்ததையும் நிமிர்ந்ததையும் அவள் கலக்கவில்லை. கிரானைட் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, பாண்ட்லியும் வரவில்லை.

சாயங்காலம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மரியாக்காவின் மகள் ஐவி. நர்சாக இருக்கிறாள், ஊரின் அந்தக் கோடியில் ஒரு அபார்ட்மெண்டில் குடியிருக்கிறாள். ஸ்கூட்டரின் முன்னால் வெள்ளைப் பட்டை போட்ட பாண்ட்லி.

"வீடு மாத்தும்போது அம்மா எல்லாத்தையும் போட்டுட்டு இதை மட்டும் மடியில வெச்சுக்கிட்டு வந்தாங்க சித்தி. இப்ப முட்டி மடக்க முடியலை, அதான் என்னை அனுப்புனாங்க." கவிழ்த்தாள். "காலையில நைட் டூட்டி முடிச்சு நேரா வர்றேன்."

பாப்பம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். தாரணி போனைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான் வான்னு கூப்பிடல. நாளைக்கு மோல்டுன்னு மட்டும் சொன்னேன்" என்றாள். "அப்புறம், அந்தக் கேங்குக்கும் நான் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கார்கள் ஒவ்வொன்றாக மெயின் ரோட்டுக்குப் போயின. செந்தில்நாதனின் மிக்ஸர் தெருமுனையைத் தாண்டி உள்ளே உருண்டு வந்தது. கிரானைட் வீட்டுக் கார் மட்டும் அசையவில்லை. மிக்ஸர் அதன் பின்னால் நின்றது. அங்கிருந்து பாப்பம்மாளின் வாசலுக்கு இரண்டு வீட்டு நீளம்.

"பரவால்லக்கா, பாதி தூரம் மிச்சம்" என்றான் செந்தில்நாதன்.

முதல் பாண்ட்லியை வீட்டுக்காரி கொட்ட வேண்டும். பாப்பம்மாள் ஏணி ஏறி, கம்பிகளுக்கு நடுவே ஈசானிய மூலையில் கொட்டினாள். இனிக் கடைசிப் பாண்ட்லி வரும்வரை அவளுக்கு வேலையில்லை. வீட்டுக்காரி வரிசையில் நிற்கக் கூடாது. நின்றால் வந்தவர்களுக்கு அவமானம். அவள் மேலேயே நின்று பார்த்தாள்.

பழைய நாளில் தோளும் தோளும் இடிக்கும் வரிசை. இன்று ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே இடைவெளி. சட்டியை வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்து கொடுக்க வேண்டியிருந்தது. சித்தம்மாவும் அவள் மகனும் முன்னால். பழைய வீட்டுப் பெண்கள் நடுவில். ஐவி ராத்திரி முழுக்க விழித்த கண்ணோடு, வெள்ளைச் சட்டைக்கு மேல் பழைய நைட்டி மாட்டிக்கொண்டு. தாரணி. புது வீடுகளிலிருந்து வந்த நாலைந்து பேர், அவர்களில் ஒரு பெண் முதல் சட்டியிலேயே கலவையைக் காலில் ஊற்றிக்கொண்டாள். கார் கழுவும் கையுறை போட்டுக்கொண்டு முரளிதரன்.

"சார், குழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி வாங்காதீங்க! சட்டியைச் சும்மா விடுங்க, அதுவே போகும்!" என்று சித்தம்மா கத்தினாள்.

"கீழ போட்டுடுவேனோன்னு பயமா இருக்கே!"

"போட்டா உங்க கால்லதான் விழும். அப்புறம் மூட்டுவலி ஞாபகம் வராது!"

வெயில் ஏறியதும் புது ஆட்களில் இரண்டு பேர் ஏதோ விசேஷத்துக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். நேராக ஏணிக்குக் கீழே, மிக முக்கியமான இடத்தில், ஓட்டை விழுந்தது. தாரணி வாங்கி, ஓடி, நீட்டி, திரும்பி ஓடினாள். மேலே மேஸ்திரிகள் கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கொட்டிய கலவையின் ஓரம் காய ஆரம்பித்தது. சாமுண்டி மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பாப்பம்மாள் புடவையைத் தூக்கிச் செருகி ஏணியில் கால் வைத்தாள்.

கீழே சித்தம்மா பார்த்துவிட்டாள். "பேடா, வேண்டாம் பாப்பக்கா! எறங்காதே! நீ தொட்டா நான் என் பாண்ட்லியை எடுத்துட்டுப் போயிருவேன்!"

அவள் கால் ஏணியில் அப்படியே நின்றது. ஒட்டு விழுந்தால் அவள் வீடு ஒழுகும். இறங்கினால் வந்தவர்கள் முகம் தொங்கும். இரண்டும் அவளால் ஆகாது.

அப்போது ரத்தினவேல் எழுந்தான். நிழலில் தான் உட்கார்ந்திருந்த மர முக்காலியை எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி மெல்ல வந்து, அந்த ஓட்டையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏனுங்க, நீங்களும் வீட்டுக்காரருதான்!" என்று பாப்பம்மாள் மேலிருந்து கத்தினாள்.

"பத்திரம் உன் பேர்ல இருக்குது புள்ள. நான் இங்க வாடகைக்கு" என்றான். கை நீட்டி முதல் சட்டியை வாங்கினான், உட்கார்ந்தபடியே தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தான். வரிசை சிரித்துக்கொண்டே மறுபடி ஓடத் தொடங்கியது.

முரளிதரன் தாமாகவே இடம் மாறி ரத்தினவேலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் மனைவி மோர்ப் பானையோடு வந்தவர், பானையைக் கீழே வைத்துவிட்டு அவர் விட்ட இடத்தில் நின்றுகொண்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவருக்குப் பாண்ட்லி வைத்தவரும் இல்லை. பாப்பம்மாள் ஏணியிலிருந்து காலை எடுத்தாள்.

கடைசிப் பாண்ட்லி வந்தபோது முதல் துளி விழுந்தது. அது நீலப் பட்டை. செந்தில்நாதன் வேண்டுமென்றே அதைக் கடைசிக்கு வைத்திருந்தான். பாப்பம்மாள் வாங்கிக் கொட்டினாள். ஒரு இடத்தில்கூட ஒட்டு விழவில்லை. மேஸ்திரிகள் தார்ப்பாய் விரித்தார்கள். கீழே ராகிக்களி முத்தையும் கோழிக்குழம்பும், வேண்டாதவர்களுக்குப் புளியோதரையும் கேசரிபாத்தும். கை கழுவியும் சிமெண்ட் போகாத விரல்களோடு எல்லாரும் சித்தம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யார் கையில் கொப்புளம் பெரிது என்று புதுக்காரர்களுக்குள் போட்டி நடந்தது.

பாப்பம்மாள் மட்டும் மழை விட்டதும் ஏணியில் ஏறி, தார்ப்பாயைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டு, பாண்ட்லிகளைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினாள். தேங்காய், வெற்றிலை, பாக்கு. இந்த முறை முக்காடு இல்லை. ஒவ்வொரு கேட்டிலும் மணி அடித்து, ஆள் வந்து, முகம் பார்த்துக் கொடுத்தாள். வராதவர்களுக்கும் அவர்கள் பாண்ட்லியைக் கொடுத்து, "உங்க வீட்லயே இருக்கட்டுங்க" என்றாள். எதிர்வீட்டுப் பச்சைப் பட்டைப் பாண்ட்லியை முரளிதரன் வாங்கி, ஷூ ஸ்டாண்டுக்கு மேலே எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். பக்கத்துத் தெருவில் யாருக்காவது மோல்டு இருக்கிறதா என்று விசாரித்தார்.

கடைசியாக கிரானைட் வீடு. மதிலுக்கு மேலே அந்தப் பாண்ட்லி இருந்தது. மண் நிரப்பி, அதில் ஒரு செம்பருத்தி நட்டிருந்தார்கள்.

"பாரு பாப்பக்கா" என்றாள் சித்தம்மா. "அடியில ஓட்டை போட்டிருப்பாங்க, தண்ணி வடியறதுக்கு. போச்சு அது. வா போலாம்."

பாப்பம்மாள் செடியைப் பார்த்தாள். ஒரு மொட்டு விட்டிருந்தது. செந்தில்நாதன் கோடவுனில் இன்னும் பாண்ட்லி கிடக்கிறது, வேறொன்று கொண்டுவந்து கொடுத்தால் ஆயிற்று. கையில் மிச்சமிருந்த தேங்காயைத் தடவிப் பார்த்துக்கொண்டு மணியை அடித்தாள்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "யாரு?" என்றது.

"ஷீட்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தினாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"பாப்பம்மாங்க. இதோ, ரெண்டு வீடு தள்ளி. மோல்டு வீடு."